நாற்காலியிலிருந்து எழ கை வேண்டியிருக்கிறதா?

வீட்டில் வயதானவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றுகிறார். பாதி எழுந்து, முடியாமல் மறுபடி உட்காருகிறார். இரண்டாம் முறை ஒரு முனகலோடு எழுந்து, நின்றதும் பக்கத்துச் சுவரைத் தொட்டுக்கொள்கிறார். அவர் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் பூங்காவில் நடப்பவராகக்கூட இருப்பார். "நான்தான் வாக்கிங் போறேனே" என்பார்.

நடை நல்லதுதான். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் அதைப்போல மலிவான மருந்து இல்லை. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடங்குகிறது. உடம்பின் பாரத்தை மடங்கிய முழங்காலோடு மேலே தூக்கும் வேலை தொடைக்கு வருவதே இல்லை. கேட்காத வேலைக்கான பலத்தை உடம்பு சேர்த்துவைக்காது. பேருந்துப் படி, தாழ்வான கட்டில், கழிவறை, தரையில் விழுந்த கண்ணாடி, இவையெல்லாம் கேட்பது அந்தப் பலத்தைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விஷயம் இருக்கிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரம் 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, வாரம் 3 நாளாவது பேலன்ஸும் பலமும் கலந்த பயிற்சி. நம் ஊரில் முதலாவது மட்டும்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஜிம் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு சுவர், வாசல்படி, சமையல்மேடை, இரண்டு மஞ்சப்பை போதும்.

முதலில் ஓர் அளவு

கெட்டியான இருக்கை உள்ள நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். இருக்கையின் உயரம் தரையிலிருந்து 43 செ.மீ., அதாவது 17 அங்குலம் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலி பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். சோபா வேண்டாம். அது புதைந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம். டைல்ஸ் தரையில் அதன் கால்கள் வெளிப்பக்கம் விரியும். மொட்டைமாடி வெயிலில் சில வருஷம் கிடந்ததென்றால், கால் இருக்கையோடு சேரும் இடத்தில் வெள்ளையாக ஒரு கீறல் ஓடியிருக்கும். கவிழ்த்துப் பாருங்கள். கீறல் இருந்தால் அதில் சாதாரணமாக உட்காருவதுகூட ஆபத்து.

நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கையின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் கைபேசியில் 30 நொடி வைக்கட்டும். முழுதாக எழுந்து நின்று முழுதாக உட்கார்ந்தால் ஒன்று. 30 நொடி முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம்.

60–64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 65–69-ல் 12, 11. 70–74-ல் 12, 10. 75–79-ல் 11, 10. 80–84-ல் 10, 9. இதற்குக் குறைந்தால், விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவை அமெரிக்க முதியோரை அளந்து போட்ட எண்கள். நம் உயரத்துக்கும் உடல்வாகுக்கும் அச்சாகப் பொருந்த வேண்டியதில்லை. உங்கள் சென்ற மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிடுவதுதான் உருப்படியான கணக்கு.

இன்னொரு அளவு நடைவேகம். இரண்டடி டைல்ஸ் ஒன்று 60 செ.மீ. அப்படிப் பத்து டைல்ஸ் சேர்ந்தால் 6 மீட்டர். அபார்ட்மென்ட் நடைபாதையில் இரண்டு டைல்ஸ் முன்னாலேயே நடக்கத் தொடங்கி, வழக்கமான வேகத்தில் அந்தப் பத்தையும் கடந்து, நிற்காமல் மேலும் இரண்டு டைல்ஸ் போங்கள். நடுவிலுள்ள பத்துக்கு மட்டும் நேரம் பாருங்கள். 6 நொடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். தசை இழப்பைக் கண்டறிய ஆசிய மருத்துவக் குழு 2019-ல் வைத்த கோடும் இதுதான், நொடிக்கு 1 மீட்டர்.

எழுந்து உட்காருவது

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். மீதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது.

இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து வாருங்கள். பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து எழ முயல்வதுதான் முதல் தப்பு. பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, குதிகால் முழங்காலுக்கு ஒரு கையகலம் பின்னால் வரும்படி உள்ளே இழுங்கள். பாதம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு பலசாலியும் எழ முடியாது, வேண்டுமானால் ஒருதரம் செய்து பாருங்கள். அடுத்து, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை போங்கள். பெரியவர்கள் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நேராக மேலே எழப் பார்ப்பார்கள். பாரம் பின்னாலேயே இருப்பதால் மறுபடி நாற்காலிக்கே இழுத்துவிடும். அந்தப் பயம் போகவில்லை என்றால், முன்னால் இரண்டடி தள்ளி இன்னொரு நாற்காலியைப் போட்டு அதன் முதுகைப் பார்த்தபடி செய்யுங்கள்.

குதிகாலைத் தரையில் அழுத்தி எழுங்கள். எழுவது ஒரு நொடியில், உட்காருவது நான்கு நொடியில். எழும்போது வேகம் ஏன் என்றால், வயதாக ஆக முதலில் மெலிவது சட்டென்று சுருங்கும் தசைநார்கள்தான். கால் தடுக்கினால் அடுத்த காலைப் பட்டென்று முன்வைத்துத் தப்பிக்க உதவுபவையும் அவையே. உட்காரும்போது நிதானம் ஏன் என்றால், பாரத்தைப் பிடித்து இறக்கும்போதுதான் தொடைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. கடைசி ஒரு சாணில் தொப்பென்று விழுவது எல்லாருக்கும் வரும் பழக்கம். எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்தத் தொப்பே முதுகெலும்பில் அமுக்கு முறிவைக் கொண்டுவந்துவிடலாம். துணி இருக்கையைத் தொட்டுவிட்டதா என்று தேடுவதுபோல உட்காருங்கள்.

எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். எழும்போது "ஒண்ணு", "ரெண்டு" என்று சத்தமாக. வெட்கப்பட வேண்டாம், இதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பலத்தைப் போட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது.

எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கின்றனவா? பெண்களிடம் இது அதிகம் தெரியும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருந்தால் இப்படி வரும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு, அதை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளியபடி எழுந்தால் சரியாகிவிடும். துண்டை எழுந்து நடக்கும் முன் அவிழ்க்க மறந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 5. இது தொடக்கம். ஐந்துகூட முடியவில்லை என்றால் இருக்கையை உயர்த்துங்கள். கெட்டிப் போர்வையை மடித்துப் போட்டால் 6, 7 செ.மீ. உயரும். பஞ்சுத் தலையணை அமுங்கிவிடும், உதவாது. அதுவும் கடினம் என்றால் ஒரு கையை மட்டும் தொடையில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போர்வையின் ஒரு மடிப்பைக் குறையுங்கள். இரண்டு சுற்றும் 10, 10 என்று சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், கடினத்தைக் கூட்டுங்கள். 1 கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். பிறகு 2 கிலோ. 50 முறை எழுந்தேன் என்று பெருமைப்படுபவருக்கு மூச்சுதான் தேறியிருக்கும். கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே கடினமாக இருந்தால்தான் தசைக்குச் செய்தி போகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள். தொடையில் மறுநாள் வரும் வலி இரண்டு நாளில் போய்விடும், அதற்குப் பயப்பட வேண்டாம். முழங்கால் மூட்டு வலி வேறு. செய்யும்போது லேசாக இருந்து, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலித்தால், அல்லது மூட்டு வீங்கினால், அளவைப் பாதியாக்குங்கள். தேய்மானம் உள்ள மூட்டுக்கு ஓய்வே மருந்து என்பது பழைய எண்ணம். தொடை பலமானால் மூட்டின் சுமை குறையும்.

"இந்த வயசுல இனிமே என்ன பலம் ஏறப்போகுது" என்பவர்களுக்கு ஒரு தகவல். 1990-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் பத்துப் பேர் 8 வாரம் காலுக்குப் பளு தூக்கினார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

தோப்புக்கரணம் பற்றி

பிள்ளையாருக்குப் போடும் தோப்புக்கரணம் இதே பயிற்சியின் ஆழமான வடிவம்தான். அதனால் மூளை வளரும் என்ற பிரசங்கத்தை விடுங்கள், தொடை வளரும் என்பது உறுதி. சிக்கல் எங்கே என்றால், இரண்டு கையும் காதில் மாட்டிக்கொண்டிருக்கும். தடுமாறினால் ஊன்றக் கை இருக்காது. பழக்கம் விட்டுப்போய் இருபது வருஷம் ஆனவர் கோயிலில் திடீரென்று முழுதாக உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சிப்பிக்குப் பின்னால் அழுத்தம் ஏறிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் நாற்காலியைப் போட்டு, அதன் விளிம்பைப் பின்புறம் தொட்டதும் எழுந்துவிடுங்கள். பிள்ளையார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சமையல்மேடை, படி, சுவர், பை

சமையல்மேடையில் சிங்க் இருக்கும் பக்கம் நில்லுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், முந்தானை ஆபத்து. இரண்டு கை விரல்நுனியும் மேடையில் இருக்க, குதிகாலை இரண்டு நொடியில் உயர்த்தி, ஒரு நொடி நின்று, மூன்று நொடியில் இறக்குங்கள். 10 முதல் 15 முறை. மேடைமேல் சாய்ந்து பாரத்தைக் கையில் போட்டால் கெண்டைக்காலுக்கு வேலையில்லை. பாரம் சுண்டுவிரல் பக்கம் சாயாமல் கட்டைவிரல் பக்கம் நிற்கட்டும், இல்லாவிட்டால் கணுக்கால் பிசகும். பிறகு திரும்பி, முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகால் ஊன்றியிருக்கக் கால்விரல்களை மேலே தூக்குங்கள். 15 முறை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நிலைப்படியிலும் பாயின் ஓரத்திலும் தடுக்குவது விரல்நுனி போதுமான அளவு உயராததால்தான்.

வாசல்படி 15 செ.மீ. உயரம் இருந்தால் போதும். ஒரு கை நிலைச்சட்டத்தில். வேட்டியை மடித்துக் கட்டுங்கள், சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகுங்கள். வலது கால் மேலே, இடது கால் மேலே, பிறகு இடது கால் கீழே, வலது கால் கீழே. ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8. கீழே இருக்கும் காலால் தரையை உந்தித் துள்ளுவது இதில் வரும் ஏமாற்று வேலை. கீழ்க்காலின் விரல்களைத் தூக்கிக்கொண்டு ஏறினால் உந்த முடியாது. மேலே வைத்த கால்தான் உழைத்தாக வேண்டும். மற்ற நேரத்தில் மாடிப்படி ஏறி இறங்கும்போது, நோகும் முழங்கால் உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

சுவரில் தள்ளுவது கைக்கும் மார்புக்கும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் வைத்து, தலை முதல் குதிகால் வரை ஒரே பலகையாக முன்னால் போய்த் திரும்பி வாருங்கள். 10 முறை. காலில் ஈரம் இருந்தால் டைல்ஸ் வழுக்கும், துடைத்துக்கொண்டு வெறுங்காலோடு நில்லுங்கள். தோள் வலி உள்ளவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் தோள் இறுக்கம் இருந்தால், கையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள்.

மஞ்சப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் 2 கிலோ அரிசி. இரு கையிலும் தொங்கவிட்டு, நிமிர்ந்து, கூடத்தில் அரை நிமிடம் நடங்கள். மூன்று முறை. ஒரே கையில் தூக்கினால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து முதுகு இழுக்கும், அதனால்தான் இரண்டு. கைப்பிடி பலம் குறைவது உடம்பு முழுவதும் பலம் குறைவதன் அடையாளம். பாட்டில் மூடி திறக்க முடியாமல் பேரனைக் கூப்பிடும் நாள் வந்துவிட்டதென்றால் கவனிக்க வேண்டும். வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டிலும் துண்டை ஈரமாக்கிக் கையால் பிழிவது இதற்கு அருமையான பயிற்சி. இரண்டு திசையிலும் முறுக்குங்கள்.

பேலன்ஸ்

இதை மட்டும் தினமும் செய்யலாம். அறையின் மூலையில் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னால் நாற்காலியின் முதுகு இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளும். இரண்டு பாதமும் ஒட்டி 10 நொடி. ஒரு பாதத்தின் கட்டைவிரல் பக்கத்தில் மற்றதன் குதிகாலை வைத்து 10 நொடி. ஒரு பாதத்தின் விரல்நுனிக்கு முன்னால் மற்றதன் குதிகால் ஒட்டி, ஒரே கோட்டில் 10 நொடி. பிறகு ஒற்றைக்கால். மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் ஆபத்து அதிகம். அவர்கள் ஒற்றைக்காலுக்குத் தாவ வேண்டாம், மூன்றாவதிலேயே 30 நொடி வரும்வரை இருங்கள். கண்ணை மூடிச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் நிற்பதே கண்ணை நம்பித்தான். அவர் கண்ணை மூடினால் விழுவார்.

எட்டு நடையைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மொட்டைமாடியில் 8 வரைந்து அதன்மேல் நடப்பது நல்ல பழக்கம்தான். திரும்பும்போதுதான் பலரும் விழுகிறார்கள், எட்டில் நடந்தால் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா எல்லாம் பறந்துவிடும் என்ற வாட்ஸ்ஆப் பட்டியலை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வடக்கு தெற்காகத்தான் வரைய வேண்டும் என்பதும் அப்படியே. காலுக்குத் திசை தெரியாது. அளவுதான் முக்கியம்: அகலம் 6 அடி, நீளம் 12 அடியாவது இருக்கட்டும். வட்டம் சின்னதானால் முழங்கால் முறுக்கும், தலையும் சுற்றும். பாதி நேரத்தில் திசையை மாற்றுங்கள்.

சாதாரண நடைக்கு ஒரே விதி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான உழைப்பு. 10,000 அடி என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண், மருத்துவ அளவு அல்ல. சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. வாரோடு பின்பட்டி உள்ள செருப்பு போடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைக் கால்விரலால் கவ்விக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும், பாதம் தரையில் உரசிப் போகும். இருட்டில் நாலு மணிக்கே கிளம்புகிறவர்கள் வெளிச்சம் வரும்வரை பொறுத்தால் வேகத்தடையும் நாயும் கண்ணில் படும்.

மாத்திரை போடுபவர்கள்

பிபி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் போடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். படுக்கையிலேயே பாதத்தை 10 முறை மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். நாற்காலிப் பயிற்சியை எழுந்தவுடன் செய்யாமல் காலை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். சட்டைப்பையில் 15 கிராம், அதாவது 3 தேக்கரண்டி குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கூடவே பிபிக்கோ இதயத்துக்கோ அட்டனோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரை போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். நிழலில் நிற்கும்போதும் திடீரென்று வியர்த்தால் உடனே இனிப்பைச் சாப்பிடுங்கள். இதே மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள், பேச்சு விதியே போதும்.

சமீபத்தில் மாரடைப்பு, ஸ்டென்ட், எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை ஆனவர்களும், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பளு தூக்கக் கூடாது. எலும்பு மெலிந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியை அடியோடு விடுங்கள். செய்யும்போது நெஞ்சு இறுகினால், வலி தாடைக்கோ இடது கைக்கோ போனால், அங்கேயே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

தரை

தரையில் உட்கார்ந்து எழுவதை நாம் ஒரு தலைமுறையில் கைவிட்டுவிட்டோம். விழுந்தவர்களில் பலருக்குப் பெரிய அடி இருக்காது. எழத் தெரியாமல்தான் மணிக்கணக்கில் கிடப்பார்கள். வாரம் ஒருமுறை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, தரைக்குப் போய் வரப் பழகுங்கள்.

பாய் விரித்து, பக்கத்தில் அதே கெட்டி நாற்காலியைச் சுவரோடு போடுங்கள். இருக்கையில் இரு கையையும் ஊன்றி, பலம் குறைந்த காலின் முழங்காலை முதலில் தலையணைமேல் மண்டியிடுங்கள். பிறகு மற்றது. கையைத் தரைக்கு மாற்றி, ஒரு பக்கமாக இடுப்பை இறக்கி உட்காருங்கள். எழுவது இதன் தலைகீழ்: மல்லாந்து கிடந்தால் முதலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் நிற்பதுபோல் வந்து, தவழ்ந்து நாற்காலிக்குப் போங்கள். இருக்கையில் கைகளை ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் தட்டையாக வையுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பதியாமல் விரலில் நின்றால் உந்த முடியாது. உந்தி எழுந்து, திரும்பி, அதே இருக்கையில் உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு வாங்குங்கள். முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

நிஜமாகவே விழுந்தால் உடனே எழாதீர்கள். முதலில் கை காலை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். தொடை மடிப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது, இவை இடுப்பெலும்பு முறிவின் அடையாளம். யாரும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கவிடாதீர்கள்.

"நீங்க உட்காருங்க அத்தை, நான் எடுத்துட்டு வர்றேன்" என்ற மருமகளின் அன்பு பெரிய எதிரி. தண்ணீர்ச் சொம்பு, செய்தித்தாள், ரிமோட் எல்லாம் கைக்கு வந்துவிட்டால் ஒரு நாளில் 20 முறை எழ வேண்டியவர் 6 முறைதான் எழுவார். கூடத்தில் உட்காருபவரின் தண்ணீரைச் சமையலறையிலேயே வையுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. தசை கட்ட முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் சொல்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 60–72 கிராம். மூன்று இட்லியில் கிடைப்பது 6 கிராம் அளவுதான். முட்டை ஒன்றில் 6, ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 கிராம் அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊரில் கல்யாணம் என்று இடைவெளி விழும். நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கவைத்துப் பார்த்ததில் காலில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிருந்தது. அதனால் படுத்த இடத்திலேயே தொடையை இறுக்கி 5 நொடி வைத்து விடுவதை மணிக்குப் பத்து முறை செய்யுங்கள். எழுந்த பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து, போர்வை மடிப்போடு தொடங்குங்கள்.

30 நொடிக் கணக்கை மாதம் ஒருமுறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில் எடுத்துக் காலண்டரில் எழுதிவையுங்கள். தினம் கிழிக்கிற காலண்டர் வேண்டாம், மாதக் காலண்டர்.